தீவின் சாவி

லியாண்டர் பார்டியின் லேப்டாப் மூன்று கிலோ எடை. அதன் சார்ஜர் தனியாக ஒரு கிலோ, செங்கல் மாதிரி இருக்கும். மடிக்கணினி என்று பெயர் வைத்த மகராசன் இதை மடியில் வைத்துப் பார்த்திருக்க மாட்டான், வைத்திருந்தால் தொடை பொரிந்திருக்கும். ஆனாலும் இருபது நாள் வேலை, எட்டு நாள் ஓய்வு என்று விமானத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வாழ்கிறவன் மேசைக் கணினியைத் தலையில் தூக்கிக்கொண்டா அலைய முடியும்? விளையாட்டுக்கென்றே செய்த இந்த லேப்டாப் ஒன்றுதான் அவனோடு வடக்கு ஆல்பர்ட்டாவின் தொழிலாளர் முகாம் வரைக்கும் வரும். எந்த அறையில் எந்தச் சுவரில் செருகினாலும் அதற்குள் அவன் மகளுடைய தீவு இருக்கும்.

மகள் மாலரிக்குப் பன்னிரண்டு வயது. நாட்டின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்தில் தன் அம்மா டானாவோடு இருக்கிறாள். விவாகரத்து ஆகி நாலு வருடம். கிறிஸ்துமஸுக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டும் லியாண்டர் மகளை நேரில் பார்ப்பான். மற்ற நாளெல்லாம் தீவில்தான் பார்ப்பான்.

கட்டைகளை அடுக்கிக் கட்டுகிற விளையாட்டு அது. வெறும் கடலில் ஒரு மணல்திட்டாகத் தொடங்கியது. மூன்று வருடத்தில் அங்கே படகுத்துறை வந்தது, மீன் உலர்த்தும் பரண் வந்தது, மாலரிக்கு ஒரு பச்சை வீடும் அப்பாவுக்கு அதன் எதிரே ஒரு வெள்ளை வீடும் வந்தன. அந்தத் தீவு முழுக்க லியாண்டரின் லேப்டாப்பில்தான் இருந்தது. அவன் திறந்தால்தான் அவள் உள்ளே வரலாம். அவன் மூடிவிட்டால் அவளுக்குத் தீவே இல்லை.

லியாண்டருக்கு இரவு வேலை. காலை எட்டு மணிக்கு அறைக்கு வந்து விழுவான். பன்னிரண்டேகாலுக்கு அலாரம் அடிக்கும். மாலரியின் ஊர்க் கடிகாரம் மூன்றரை மணி நேரம் முந்தி ஓடும், அவள் பள்ளி விட்டு வீட்டுக்கு வரவும் அங்கே நாலு மணி ஆகவும் சரியாக இருக்கும். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை தீவு. பிறகு மறுபடி தூக்கம், ஐந்தரைக்கு வேலைத்தளத்துக்குப் பஸ். தூக்கத்தை இப்படி இரண்டாக வெட்டிக்கொள்கிற ஆளை முகாமில் எல்லோரும் கேலி செய்தார்கள்.

"என்னடா, கண்ணு ரெண்டும் உப்புக்கண்டம் மாதிரி இருக்கு" என்பான் ஹெட்லி. அவனும் நியூஃபவுண்ட்லாந்துக்காரன், மாலரி இருக்கும் ஊருக்குப் பக்கத்து ஊர். "அந்தக் கிறிஸ்துமஸ் மரத்த இன்னைக்கும் எரியவிட்டியா?"

லேப்டாப்பின் பொத்தான்களுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடும். அதைத்தான் கிறிஸ்துமஸ் மரம் என்பான். நாற்பத்து மூன்று வயது எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கிற சாமானா அது என்று கேட்டால் லியாண்டர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவான்.

விளக்கு கூடப் பரவாயில்லை, சத்தம்தான் பெரிய தொல்லை. தீவில் மழை பெய்தால் போதும், லேப்டாப்புக்குள் இருக்கும் விசிறிகள் இரண்டும் ஹேர் ட்ரையர் போல இரைய ஆரம்பித்துவிடும். முகாம் சுவர் அட்டைக்கு அண்ணன். பக்கத்து அறையில் மெல்வின் லாடூசர். முகாமின் பேக்கரி அவன் பொறுப்பு. இரவு கண்விழித்து ஆயிரம் பேருக்கு ரொட்டி சுட்டுப்போட்டு மதியம் ஒரு மணிக்கு வேலை முடித்து ஒன்றரைக்கெல்லாம் படுத்துவிடுவான். ஒன்று நாற்பதுக்குச் சுவரில் டொக் டொக் என்று விழும். இரண்டு முறை அலுவலகத்தில் புகாரும் எழுதிக் கொடுத்திருந்தான். மூன்றாவது புகார் வந்தால் தனி அறை போய்விடும், நாலு பேர் படுக்கும் கூடாரம்தான். அங்கே விளையாட்டும் கிடையாது, தீவும் கிடையாது.

இதைவிட ஒரு சங்கதி லியாண்டரின் நெஞ்சுக்குள் கிடந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

போன இலையுதிர் காலத்தில் மாலரி கேட்டாள், "அப்பா, தீவ எனக்கும் ஒரு காப்பி அனுப்பேன். நீ ஓவர்டைம் போற நாள்ல நான் சும்மா உக்காந்திருக்கேன். என் கம்ப்யூட்டர்லயே ஓடும். நீயும் இங்க வந்து விளையாடலாம்."

அது ஒரே ஒரு கோப்பு. அனுப்ப இருபது நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

"இங்க நெட்டு ரொம்ப மோசம்மா கண்ணு, போகாது" என்றான் லியாண்டர்.

பிறகும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் நெட்டின் மேல் பழியைப் போட்டான். உண்மை வேறு. சாவி அவளிடம் போய்விட்டால் நாலு மணிக்கு அவள் எதற்காக அப்பாவைத் தேட வேண்டும்? பன்னிரண்டு வயது, நாளைக்குப் பதிமூன்று, பதினாலு. தோழிகள் வருவார்கள், வேறு வேலை வரும். தீவு தன் கையில் இருக்கிற வரைக்கும் அவள் வந்துதான் ஆக வேண்டும். இப்படி ஒரு கணக்கு அவன் மனதில் இருந்தது. அது கேவலமான கணக்கு என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் விடவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. அன்று பள்ளி இல்லாததால் இருவரும் வெகுநேரம் விளையாடினார்கள். மாலரி தீவின் வடமுனையில் கலங்கரை விளக்கம் கட்டிக்கொண்டிருந்தாள். நிறத்தில் தகராறு.

"மஞ்சள் அடிக்கப்போறேன்" என்றாள்.

"மஞ்சளா? கலங்கரை விளக்கம்னா செவப்பும் வெள்ளையும்தான். ஊர்ல பாத்ததில்லயா நீ?"

"பாத்ததாலதான் சொல்றேன். பனிமூட்டத்துல வெள்ளை எங்க தெரியுது?"

"என் வீட்டு ஜன்னல்லேருந்து அத நான்தானே பாக்கணும்."

"நீ எப்ப அந்த வீட்ல இருந்திருக்க? எப்பப் பாத்தாலும் படகுத்துறையிலயே நிக்கிற."

சுவரில் டொக் டொக் என்று விழுந்தது. லியாண்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

ஐந்தேகாலுக்கு அவன் பூட்ஸை மாட்டினான். "மூடணும்டா கண்ணு. பஸ் வந்துரும்."

"ஒரே ஒரு மணி நேரம்ப்பா. உச்சி மட்டும்தான் பாக்கி. நீ போ, தெறந்து வெச்சிட்டுப் போயேன்."

தெறந்து வெச்சிட்டுப் போ. இதுவரை அவன் அதைச் செய்ததே இல்லை. ஓவர்டைம் நாட்களில் எத்தனை முறை அவள் மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று அப்போது நினைத்துப் பார்த்தான். மனசு இளகியது. கெட்டதைச் செய்தபோது ஒன்றும் ஆகவில்லை, நல்லதைச் செய்யப்போய்த்தான் மாட்டிக்கொண்டான்.

"சரி, முடிச்சிட்டு நீயே வெளிய வந்துரு" என்றான்.

ஆனால் விசிறி இரைந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மெல்வின். இன்னும் ஒரு மணி நேரம் இது இரைந்தால் மூன்றாவது புகார் நிச்சயம். லியாண்டர் லேப்டாப்பின் மூடியைச் சாத்தினான். மூடினாலும் ஓடுகிற மாதிரிதான் அதை அமைத்திருந்தான். அப்படியே தூக்கித் துணி அலமாரிக்குள் வைத்தான். அப்போதும் சத்தம் கேட்டது. பஞ்சு வைத்துத் தைத்த தன் பனிக்கால அங்கியை எடுத்து, குழந்தையைப் போர்த்துகிற மாதிரி நாலு பக்கமும் சுற்றி, அலமாரிக் கதவையும் சாத்தினான். சத்தம் அடங்கிவிட்டது. திருப்தியாகப் பஸ் ஏறினான்.

இருபது வருட எலெக்ட்ரீஷியன். காற்றோட்டம் இல்லாத பெட்டியில் மோட்டாரை வைக்காதே என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிற ஆள். அவன்தான் இந்த வேலையைச் செய்தான்.

ஞாயிறு காலை திரும்பி வந்தபோது அறைக் கதவில் பாதுகாப்பு அலுவலகத்தின் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே எரிந்த பிளாஸ்டிக் வாடை. அங்கி தரையில் கிடந்தது, முதுகுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. லேப்டாப் ஜன்னல் விளிம்பில் இருந்தது. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் வயிறு ஊதியிருந்தது. பொத்தானை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். விளக்கு இல்லை, சத்தம் இல்லை. அந்த இரைச்சலை எத்தனை நாள் சபித்திருப்பான், இப்போது ஒரே ஒரு தடவை இரையாதா என்று ஏங்கினான்.

கட்டிலில் உட்கார்ந்து அழுதான். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று வருடம் அவன் மகளோடு வாழ்ந்த இடம் அது ஒன்றுதான்.

அழுது முடித்ததும் கை வேலையைத் தேடியது. சிறிய திருப்புளியை எடுத்து அடித்தட்டைக் கழற்றினான். பேட்டரி உப்பி நாசமாகிவிட்டிருந்தது. ஆனால் மூலையில், விசிறிக்கு எட்டத்தில், எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற சில்லு ஒன்று செருகியிருந்தது. சூயிங்கம் துண்டு அளவுதான் இருக்கும். அதில் கருகல் இல்லை. துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். படகுத்துறை, பச்சை வீடு, வெள்ளை வீடு எல்லாம் இதற்குள்தான்.

உடனே மனது ஒரு வழி சொன்னது. இன்னும் இரண்டு வாரத்தில் ஓய்வு வரும். எட்மண்டனில் இதே மாதிரி இன்னொரு லேப்டாப் வாங்கிச் சில்லைச் செருகினால் ஆயிற்று. அப்பா சரிபண்ணிட்டேன் என்று சொல்லலாம். சாவி பழையபடி அவன் கையிலேயே இருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஒன்பது மணிக்கு மாலரிக்குப் போன் போட்டான்.

"ஏன்ப்பா நடுவுல மூடிட்ட?" எடுத்ததும் கேட்டாள். "கால் மணி நேரம் கூட ஆகல. வெளிய தள்ளிடுச்சு."

"நான் மூடலடா. எரிஞ்சு போச்சு." நடந்ததைச் சொன்னான், அங்கி சுற்றியது உட்பட.

"குளிர்கோட்ட எடுத்தா போத்தின?" என்றாள். சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "அப்ப தீவு?"

"இருக்கு. என் கையில இருக்கு, சின்னத் துண்டு. கருகல."

அவள் பெருமூச்சு விடுவது கேட்டது. "எப்ப சரியாகும்?"

இங்கேதான் அவன் அந்தப் பழைய வழியில் போயிருக்கலாம். வாயில் வார்த்தை தயாராகவும் இருந்தது.

"ஹெட்லி புதன்கிழமை ஊருக்கு வரான். அவன் கையில குடுத்தனுப்புறேன். உன் கம்ப்யூட்டர்ல போட்டுக்கோ. இனி தீவு உங்கிட்டயே இருக்கட்டும்."

"காப்பி கூட அனுப்ப முடியாதுன்னியே. நெட் மோசம்னு."

"மோசமில்ல, அது பொய்."

 அவன் தொடர்ந்து சொன்னான், நிறுத்தினால் பிறகு சொல்லவே மாட்டான் என்று தெரியும். "உங்கிட்ட குடுத்துட்டா நீ எனக்காகக் காத்திருக்க மாட்டேன்னு பயந்தேன். அதான் தரல. தப்புதான்."

"ம்" என்றாள். பிறகு, "அம்மா சாப்பிடக் கூப்புடுறா" என்றாள். போன் வைக்கப்பட்டது. டானா கூப்பிட்ட சத்தம் எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை.

மதியம் ஒன்றேகாலுக்குத் தாழ்வாரத்தில் மெல்வின் வந்தான். மாவு படிந்த கை, கையில் காகிதப் பை.

"உன் பொட்டியக் கொண்டுபோய்ப் பனிக்குள்ள பொதைச்சது நான்தான்" என்றான். "நாத்தம் தாங்கல. காவல்காரனக் கூப்பிட்டுக் கதவத் தெறக்கச் சொன்னேன். காலையில பொட்டிய எடுத்து உள்ள வெச்சது அவன்தான். உள்ள நீ வெந்துட்டிருக்கியோன்னு நெனச்சேன்."

"மன்னிச்சுக்கய்யா. உன் தூக்கத்தக் கெடுத்துட்டேன்."

"கெடுக்கறது புதுசா?" பையை நீட்டினான். உள்ளே லவங்கப்பட்டை ரொட்டிச் சுருள் இரண்டு. "அலுவலகத்துல கேட்டாங்க. சத்தத்தப் பத்தி நான் ஒண்ணும் எழுதல. நெருப்புக்கு அவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது." போகத் திரும்பியவன் நின்றான். "அது என்ன, மஞ்சளா, செவப்பு வெள்ளையா?"

லியாண்டர் விழித்தான்.

"சுவர் வழியா உன் குரல் மட்டும்தான் கேக்கும். அந்தப் பொண்ணு சொல்றது உன் ஹெட்போனோட நின்னுடுது. பாதிக் கதைதான் எனக்கு. நேத்து எதுல முடிஞ்சுதுன்னு தெரியல."

"முடியல" என்றான் லியாண்டர்.

"மஞ்சள்தான் சரி" என்று சொல்லிவிட்டு மெல்வின் தன் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டான்.

முகாமில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவன் மற்றவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொண்டுதான் போவான், என்ன ஏது என்று கேட்க மாட்டான். ஹெட்லி மட்டும் கேட்டான். புதினா மிட்டாய் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, அதற்குள் சில்லை வைத்து லியாண்டர் நீட்டியபோது டப்பாவை ஆட்டிப் பார்த்தான்.

"உள்ள என்னடா?"

"ஒரு தீவு."

"போறப்ப கனம் கூடாதே?" என்று சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான்.

அடுத்த பத்து நாள் லியாண்டருக்கு நரகம். நெருப்புக்காகக் கடைசி எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அறை போகவில்லை. ஆனால் அந்த அறையில் செய்வதற்கு என்ன இருந்தது? பன்னிரண்டேகாலுக்கு அலாரம் வைக்காமலேயே விழிப்பு வந்துவிடும். மேசையில் செங்கல் சார்ஜர் மட்டும் கிடக்கும். சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பான். பேசுவதற்கு வாய் இருந்தது, ஆள் இல்லை. மாலரியிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: "கிடைச்சது. வேலை செய்யுது. தேங்க்ஸ்ப்பா." அதை எத்தனை தடவை படித்தானோ, அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

எட்டு நாள் ஓய்வில் எட்மண்டனில் வேறொரு லேப்டாப் வாங்கினான். இதுவும் கனம், இதுவும் இரையும். புத்தி வந்த ஆள் மெலிசாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்றால், மெலிசானதில் தீவு தடுக்கித் தடுக்கி ஓடும். முகாமுக்குத் திரும்பிய மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டரைக்குத் திறந்தான். இப்போது கதவுக்கு வெளியே நிற்பவன் அவன். அவள் திறந்திருந்தால்தான் உள்ளே போகலாம். திறந்திருக்காது என்றே நினைத்தான். அவனுக்கு அது நியாயமாகவும் பட்டது.

திறந்திருந்தது.

படகுத்துறையில் போய் இறங்கினான். "மாலரி" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. பரணில் இல்லை, பச்சை வீட்டில் இல்லை. தன் வெள்ளை வீட்டுக்குப் போனான். எதுவும் மாறியிருக்கவில்லை. வாசலில் மட்டும் ஒரு புதுப் பலகை நட்டிருந்தது.

"அப்பா, செவ்வாயும் வியாழனும் எனக்கு வாலிபால், வரமாட்டேன். ஆனா கம்ப்யூட்டர அணைக்க மாட்டேன். ராத்திரி பகலா ஓடுது, அம்மா கத்துறா. எப்ப வேணா நீ உள்ள வரலாம். யாருக்காகவும் காத்திருக்க வேணாம்."

லியாண்டர் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தான். அவன் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. சாவியைக் கொடுத்தான், இன்று அவள் வரவில்லை. ஆனால் மூன்று வருடம் அவன் அவளுக்குச் செய்யாததை, அவள் அவனுக்கு மூன்றே வாரத்தில் செய்துவிட்டாள். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. இத்தனை பெரிய தீவில் கூட ஒருவரும் இல்லை என்பதும் சேர்ந்து வலித்தது.

வீட்டுக்குள் போனான். இந்த வீட்டுக்குள் அவன் அதிகம் வந்ததே இல்லை. வடக்கு ஜன்னலுக்கு முன்னால் ஒரு நாற்காலி இருந்தது. அவள்தான் போட்டிருக்க வேண்டும். அதில் உட்கார்ந்தான். தீவில் மூட்டம் இறங்க ஆரம்பித்தது. விசிறிகள் இரைந்தன.

ஒன்று நாற்பதுக்குச் சுவரில் டொக் டொக் என்று விழுந்தது.

"இதோ, சத்தத்தக் கொறைக்கிறேன்" என்றான் லியாண்டர்.

"சத்தத்துக்கு இல்ல" என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல். "பொட்டி ஓடுது, நீ ஒண்ணும் பேசக் காணோம். அவ வரலியா?"

"வரல. வாலிபாலாம்."

 கட்டில் கிரீச்சிட்டது.

"அந்த வெளக்கு?"

லியாண்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தான். மூட்டத்தில் படகுத்துறை மறைந்துவிட்டது, பரண் மறைந்துவிட்டது. வடமுனையில் அது மட்டும் அடியிலிருந்து உச்சி வரை தெளிவாகத் தெரிந்தது.

"முடிச்சிட்டா" என்றான். "மஞ்சள்."

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுது" என்றான் லியாண்டர். இரண்டு மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.